சங்கச் செயலவையை ஒழுங்காக நடத்துவது எப்படி? பினாங்கு அமைப்புகளுக்கான முழுமையான வழிகாட்டி

பினாங்கில் ஒரு தமிழ்ச் சங்கமோ, ஆலய நிர்வாகமோ, ஆதரவற்ற பிள்ளைகளுக்கான இல்லமோ, பள்ளி முன்னாள் மாணவர் மன்றமோ தொடங்கப்படும்போது ஏறக்குறைய ஒரே வகையான மனிதர்களே முன்வருகிறார்கள். பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு இரவு பத்து மணி வரை கூட்டத்தில் அமரவும், முதல் செலவுகளைக் கைப்பணத்திலிருந்தே செய்யவும் தயங்காதவர்கள் அவர்கள். அந்த உழைப்பைக் குறைத்துப் பேச இங்கே இடமில்லை. ஆயினும், நல்ல மனம் ஒன்றையே நம்பி நடக்கும் அமைப்பு, அந்த மனிதர்கள் களைத்துப்போகும் நாளில் நின்றுவிடுகிறது. சங்கங்கள் சிதைவதற்குக் களவு காரணமாவதைவிட, எழுதி வைக்கப்படாத முடிவுகள் காரணமாவதே அதிகம் என்பது என் உறுதியான கருத்து. யார் எதற்கு ஒப்புதல் தந்தார், எந்த நன்கொடை எதற்காக வந்தது, வாடகை ஒப்பந்தம் யார் பெயரில் இருக்கிறது என்ற கேள்விகளுக்கு ஒருவரின் நினைவு மட்டுமே விடையாக இருந்தால், அந்த ஒருவர் விலகியதும் சர்ச்சை தொடங்கிவிடும்.

ஆகவே இந்த வழிகாட்டி ஓர் அளவுகோலைத்தான் கையில் எடுத்துக்கொள்கிறது: இன்றைய செயலவை முழுவதும் நாளை விலகினாலும், புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் ஆவணங்களை மட்டும் படித்து, யாரையும் கெஞ்சாமல், சங்கத்தை நடத்த முடிய வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு படியும் அதற்காகவே.

முதல் படி: உங்கள் அமைப்பு எந்தச் சட்டத்தின் கீழ் இருக்கிறது?

இதைத் தெளிவாகச் சொல்லக்கூடிய செயலவை உறுப்பினர்கள் எண்ணிக்கையில் குறைவு. நம்மில் பெரும்பாலான சங்கங்கள் 1966ஆம் ஆண்டின் சங்கங்கள் சட்டத்தின் கீழ், உள்துறை அமைச்சைச் சேர்ந்த சங்கங்களின் பதிவிலாகாவில், அதாவது நாம் வழக்கமாக ஆர்.ஓ.எஸ். என்று சொல்லும் அலுவலகத்தில், பதிவு பெற்றவை. ஏழு பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் அது அச்சட்டத்தின் பார்வையில் சங்கமாகும். இளைஞர் அமைப்புகளுக்கு 2007ஆம் ஆண்டின் சட்டமும் இளைஞர் சங்கங்களுக்கான தனிப் பதிவாளரும் உண்டு. விளையாட்டு மன்றங்கள் 1997ஆம் ஆண்டின் விளையாட்டு மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் விளையாட்டு ஆணையரிடம் பதிய வேண்டும். பெரிய அறநிறுவனங்கள் சில, 2016ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டப்படி, பங்கு மூலதனமில்லாமல் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட நிறுவனமாக எஸ்.எஸ்.எம். எனும் மலேசிய நிறுவனங்கள் ஆணையத்தில் பதிந்துள்ளன, அவற்றின் இயக்குநர்களுக்கு நிறுவன இயக்குநருக்குரிய சட்டக் கடமைகள் முழுமையாகப் பொருந்தும். அறங்காவலர் குழுவாக இயங்க விரும்புவோருக்கு 1952ஆம் ஆண்டின் அறங்காவலர் சட்டம் வேறொரு வழியைத் தருகிறது. பினாங்கில் இன்னொரு தனித்தன்மையும் உண்டு. தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி ஆலயம் போன்றவை, 1906ஆம் ஆண்டின் இந்து அறநிலையச் சட்டத்தின் வழி வந்த பினாங்கு இந்து அறப்பணி வாரியத்தின் பொறுப்பில் உள்ளன. அவற்றின் நிர்வாக முறையைப் பார்த்துச் சாதாரணச் சங்கம் ஒன்று தன் விதிகளை அமைத்துக்கொள்ள முடியாது.

இவ்வழிகாட்டி ஆர்.ஓ.எஸ். பதிவுபெற்ற சங்கத்தை மனத்தில் வைத்தே எழுதப்படுகிறது. மற்றவர்கள் சட்டப் பிரிவுகளைத் தங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். பணம், கூட்டம், நலன் மோதல் (பொறுப்பாளரின் சொந்த நலனும் சங்க நலனும் மோதுவது) பற்றிச் சொல்லப்படுபவை எல்லோருக்கும் பொருந்தும்.

இரண்டாம் படி: சட்டவிதிகளை எல்லோரும் சேர்ந்து படியுங்கள்

பதவியேற்ற முதல் கூட்டத்தில் வேறு எதையும் பேசாமல், சங்கத்தின் சட்டவிதிகளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை உரக்கப் படிக்குமாறு பரிந்துரைக்கிறேன். ஒரு மணி நேரத்திற்கு மேல் ஆகாது. பல சங்கங்களின் விதிகள் பதிவிலாகாவின் மாதிரி விதிகளைத் தழுவியவை என்பதால், அவற்றில் பொதுவாக இவை இருக்கும்: ஆண்டுப் பொதுக்கூட்டத்திற்கு எத்தனை நாள் முன்னதாக அறிவிப்பு அனுப்ப வேண்டும்; கோரத்திற்கு, அதாவது கூட்டம் செல்லுபடியாக வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கைக்கு, எத்தனை பேர் வேண்டும்; காசோலையில் யார் யார் கையொப்பமிட வேண்டும்; பொருளாளர் கையில் எவ்வளவு ரொக்கம் வைத்திருக்கலாம்; செயலவை தானே எவ்வளவு செலவழிக்கலாம், எதற்குப் பொதுக்கூட்ட ஒப்புதல் வேண்டும்; தொடர்ந்து மூன்று கூட்டங்களுக்குக் காரணமின்றி வராதவர் விலகியவராகக் கருதப்படுவாரா என்பன.

படிக்கும்போது ஒருவர் குறிப்பெடுக்கட்டும். நடைமுறையில் நீங்கள் செய்வதும் விதியில் இருப்பதும் எங்கெல்லாம் மாறுபடுகின்றன என்பதே அந்தக் குறிப்பு. விதியில் மூவர் கையொப்பம் என்றிருக்க வங்கியில் இருவர் கையொப்பம் இருக்கலாம். விதியில் இல்லாத ‘ஆலோசகர்’ பதவிகள் முளைத்திருக்கலாம். உறுப்பினர் சந்தா விதியில் ஒன்றாகவும் வசூலில் வேறாகவும் இருக்கலாம். இவற்றில் ஒவ்வொன்றையும் இரண்டு வழிகளில் ஒன்றால் சரிசெய்ய வேண்டும்: நடைமுறையை விதிக்குக் கொண்டுவருவது, அல்லது விதியைத் திருத்துவது.

விதித் திருத்தத்தில் ஒரு முக்கியமான எச்சரிக்கை. பொதுக்கூட்டம் கைதூக்கி ஏற்றுக்கொண்டதாலேயே திருத்தம் நடைமுறைக்கு வந்துவிடாது. சங்கத்தின் பெயர், பதிவு முகவரி, விதிகள் ஆகியவற்றை மாற்றப் பதிவிலாகாவின் எழுத்துமூல ஒப்புதல் தேவை. பொதுக்கூட்ட முடிவிலிருந்து 60 நாளுக்குள் விண்ணப்பித்தாக வேண்டும். ஒப்புதல் வரும் முன்பே புதிய விதியின்படி தேர்தல் நடத்திவிட்டால், அந்தத் தேர்தலையே கேள்விக்குள்ளாக்க ஒருவருக்கு வழி திறந்துவிடுகிறது.

மூன்றாம் படி: சங்கத்தின் சொத்து யார் பெயரில் இருக்கிறது?

ஆர்.ஓ.எஸ். பதிவு பெற்றாலும் சங்கம் ஒரு நிறுவனத்தைப் போல் தனித்த சட்ட நபர் ஆகிவிடுவதில்லை. சங்கங்கள் சட்டத்தின் 9ஆம் பிரிவு இந்த இடைவெளியைச் சில ஏற்பாடுகளால் நிரப்புகிறது. அறங்காவலர்களிடம் ஒப்படைக்கப்படாத அசையும் சொத்து, அப்போதைய நிர்வாகக் குழுவிடம் இருப்பதாகக் கருதப்படும். நிலமும் கட்டடமும் அறங்காவலர் பெயரில் இல்லையென்றால் சங்கத்தின் பெயரிலேயே பதியப்படலாம். ஆனால் அது தொடர்பான பத்திரங்களில் மூன்று பொறுப்பாளர்கள் கையொப்பமிட்டு, அவர்கள் பதவியில் இருப்பதைப் பதிவாளர் சான்றளித்து, சங்க முத்திரையும் இடப்பட வேண்டும். வழக்குத் தொடுக்கவும் எதிர்கொள்ளவும் ‘பொது அலுவலர்’ என ஒரு உறுப்பினரை அறிவித்துப் பதிவு செய்யலாம். அப்படி எவரும் பதியப்படவில்லை என்றால், சங்கத்தின் மீது உரிமை கோருபவர் பொறுப்பாளர்களில் யாராவது ஒருவரின் பெயரில் வழக்குத் தொடுக்க முடியும்.

இதன் நடைமுறைப் பொருளைச் செயலவையில் ஒவ்வொருவரும் உணர வேண்டும். பதிவிலாகாவில் உள்ள பொறுப்பாளர் பட்டியல் பழையதாக இருந்தால், நிலப் பத்திரம் ஒன்றில் கையொப்பமிட வேண்டிய நாளில் உங்களிடம் சான்றளிக்கப்பட்ட மூவர் இருக்க மாட்டார்கள். நன்கொடையாளர் ஒருவர் அன்போடு தந்த வேன் இன்னும் முன்னாள் தலைவரின் பெயரில் சாலைப் போக்குவரத்துத் துறையில் பதிவாகி இருந்தால், அவர் காலமானதும் அது அவருடைய வாரிசுகளின் சொத்தாகப் பேசப்படும். ஆகவே, ஒரு சொத்துப் பதிவேட்டைத் தொடங்குங்கள். நிலம், கட்டடம், வாகனம், வைப்புத்தொகை, ஒலிபெருக்கி, கணினி, ஆலயமாக இருந்தால் நகைகளும் வெள்ளிப் பாத்திரங்களும், ஒவ்வொன்றும் யார் பெயரில், எங்கே, யார் பொறுப்பில், எந்த ஆதாரத்தோடு இருக்கின்றன என எழுதுங்கள். நகைகளை எடைபோட்டு, படம் எடுத்து, ஆண்டுக்கொரு முறை இருவர் நேரில் சரிபார்த்துக் கையொப்பமிட வேண்டும். தனிநபர் பெயரில் இருப்பவற்றை மாற்றும் வேலையை, அந்தத் தனிநபர் உயிரோடும் நல்லுறவோடும் இருக்கும்போதே செய்து முடியுங்கள்.

நான்காம் படி: யாரை எந்தப் பொறுப்பில் அமர்த்துவது?

வேட்பு மனுவிற்கு முன்பே தகுதி பார்க்கப்பட வேண்டும். திவாலானவராக அறிவிக்கப்பட்டு இன்னும் விடுவிக்கப்படாதவரும், சட்டத்தில் குறிப்பிடப்பட்ட சில தண்டனைகளைப் பெற்றவர்களும் சங்கப் பதவி வகிக்க முடியாது என்று 9அ பிரிவு கூறுகிறது. இதை ஒருவரை அவமதிக்கும் கேள்வியாக ஆக்காமல், எல்லா வேட்பாளர்களும் ஒரே உறுதிமொழிப் படிவத்தில் கையொப்பமிடும் வழக்கத்தை ஏற்படுத்துங்கள்.

பொறுப்புகளைப் பொறுத்தவரை, தலைவர் கூட்டத்தை நடத்துபவர், முடிவு எடுக்கப்படுவதை உறுதிசெய்பவர். தனியே முடிவெடுப்பவர் அல்லர். செயலாளர் சங்கத்தின் நினைவு. பொருளாளர் பணத்தின் கதையை எல்லோருக்கும் புரியும்படி சொல்ல வேண்டியவர், ஆனால் பணத்திற்கு அவர் மட்டுமே பொறுப்பு என்று மற்றவர்கள் எண்ணுவது பெரும் பிழை. கணக்கில் குறை வந்தால் ‘அது பொருளாளர் விவகாரம்’ என்று சொல்லி ஒதுங்க எந்தச் செயலவை உறுப்பினருக்கும் உரிமை இல்லை, ஏனெனில் அந்தக் கணக்கை ஏற்று ஆண்டுக்கூட்டத்தின் முன் வைப்பது முழுச் செயலவையே.

தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் ஒரே குடும்பத்தினராகவோ ஒரே வணிகத்தின் கூட்டாளிகளாகவோ இருப்பதைத் தவிருங்கள். செயலவையில் பெண்களும் முப்பது வயதிற்குக் குறைந்தவர்களும் இருக்கட்டும். அவர்களுக்குப் பூமாலை ஏற்பாட்டையும் முகநூல் பக்கத்தையும் மட்டும் தந்துவிட்டு நிதிக் குழுவில் இடம் தராமல் இருந்தால், அடுத்த தலைமுறை நிர்வாகம் கற்றுக்கொள்ள வாய்ப்பே இருக்காது.

ஐந்தாம் படி: ஆண்டு நாட்காட்டி

செயலாளரின் மேசையில் ஒரே ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். நிதியாண்டு முடியும் நாள், கணக்காய்வு தொடங்கும் நாள், ஆண்டுக்கூட்ட அறிவிப்பு அனுப்பும் நாள், ஆண்டுக்கூட்ட நாள், அதிலிருந்து எண்ணி 60ஆம் நாள் ஆகியவை அதில் இருக்கும். அந்த 60 நாளுக்குள்தான் ஆண்டு அறிக்கையைப் பதிவிலாகாவின் இ-ரோசஸ் இணைய முறை வழியாக அனுப்பியாக வேண்டும். பொறுப்பாளர் பட்டியல், கூட்ட விவரம், கடந்த நிதியாண்டின் வரவு செலவுக் கணக்கும் இருப்புநிலைக் குறிப்பும் அதில் இடம்பெறும். வெளிநாட்டில் வசிப்பவரிடமிருந்தோ வெளிநாட்டு அமைப்பிடமிருந்தோ பணமோ சொத்தோ பெற்றிருந்தால் அதையும் தெரிவிக்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வரும் நன்கொடைகளைத் தனி வரியில் எழுதி வைப்பது இதனால்தான் அவசியம். ஆண்டுக்கூட்டமே நடக்காத ஆண்டிலும் கடமை நீங்குவதில்லை. அந்த நாட்காட்டி ஆண்டு முடிந்த 60 நாளுக்குள் அறிக்கை போக வேண்டும்.

இதை அலட்சியம் செய்தால் அபராதம், அதைத் தாண்டினால் பதிவு ரத்து. ரத்தானால் 30 நாளுக்குள் உள்துறை அமைச்சரிடம் மேல்முறையீடு செய்யலாம். பதிவில்லாமல் தொடர்ந்து இயங்கும் சங்கம் சட்டவிரோதச் சங்கமாகிறது, அதன் பொறுப்பாளராக இருப்பதே குற்றமாகிறது. பூக்கடை வைத்திருக்கும் ஒரு செயலாளரும் ஓய்வுபெற்ற ஆசிரியரான ஒரு தலைவரும் இந்த நிலைக்கு வந்து நிற்பதற்கு, ஒரு தாளில் ஒரு தேதியைக் குறித்து வைக்காதது காரணமாக இருக்கக் கூடாது.

ஆறாம் படி: கூட்டமும் கூட்டக் குறிப்பும்

நிகழ்ச்சி நிரல், கடந்த கூட்டக் குறிப்பு, மாதக் கணக்கு ஆகிய மூன்றும் கூட்டத்திற்கு ஏழு நாள் முன்பே உறுப்பினர் கையில் இருக்க வேண்டும். கூட்டத்தில் கணக்கை முதன்முறையாகப் பார்ப்பவரால் நல்ல கேள்வி கேட்க முடியாது.

கூட்டக் குறிப்பு யார் என்ன பேசினார் என்பதன் நாடகமாக இருக்க வேண்டியதில்லை. நாள், இடம், வந்தவர், வராதவர், கோரம் இருந்ததா, என்ன முடிவு, முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், யார் செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள் என்பவை போதும். ஒருவர் முடிவை எதிர்த்து, தம் எதிர்ப்பைப் பதியச் சொன்னால் தயங்காமல் பதியுங்கள். அது அவருடைய உரிமை, சங்கத்திற்கும் பாதுகாப்பு. குறிப்பை ஒரு வாரத்திற்குள் எழுதி அனுப்புவதும், அடுத்த கூட்டத்தில் திருத்தி ஏற்றுத் தலைவர் கையொப்பமிடுவதும் வழக்கமாக வேண்டும்.

வாட்ஸ்அப் குழுவைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். இன்று பல செயலவைகளின் உண்மையான முடிவுகள் இரவு பதினோரு மணிக்கு ‘சரி’ என்ற ஒரு சொல்லிலும் கட்டைவிரல் படத்திலும் நடந்துவிடுகின்றன. அவசரம் என்றால் அப்படிக் கேட்பதில் தவறில்லை, உங்கள் விதிகள் அதற்கு இடந்தந்தால். ஆனால் அந்த முடிவு முழு வாசகத்தோடும் தொகையோடும் அடுத்த கூட்டத்தில் உறுதிசெய்யப்பட்டுக் குறிப்பில் ஏற வேண்டும். பதில் சொல்லாதவர்களை ஒப்புக்கொண்டவர்களாகக் கணக்கிடாதீர்கள்.

ஏழாம் படி: பணம்

மற்ற எல்லாப் படிகளையும்விட இதற்கு நேரம் ஒதுக்குங்கள்.

ஒரு பரிவர்த்தனையைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே ஒருவர் கையாளக் கூடாது என்பதே அடிப்படை. இணைய வங்கிச் சேவையில் ஒருவர் பணம் அனுப்பும் விவரத்தைப் பதியவும் மற்றொருவர் ஒப்புதல் தரவும் ஏற்பாடு உண்டு. அதைக் கேட்டு வாங்குங்கள். அந்த ஏற்பாட்டை வைத்துக்கொண்டு, வேலை எளிதாகட்டும் என்று இருவருடைய கடவுச்சொல்லையும் ஒருவரே வைத்திருப்பதும், வெற்றுக் காசோலைப் புத்தகத்தில் முன்கூட்டியே கையொப்பமிட்டுத் தருவதும் ஒன்றே. கையொப்பமிடுபவர் பிரயாணத்தில் இருப்பார் என்றால் மூன்றாவது கையொப்பக்காரரை வங்கியில் சேருங்கள்.

ரொக்கத்திற்கு வரிசை எண்ணிட்ட ரசீதுப் புத்தகம் வேண்டும். எந்தப் புத்தகம் யாரிடம் தரப்பட்டது, எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை திரும்பி வந்தது என்பதையும் குறிக்க வேண்டும். உண்டியலைத் திறக்கும்போது உறவினர் அல்லாத மூவர் இருக்கட்டும், அங்கேயே எண்ணி, தொகையை எழுதி, மூவரும் கையொப்பமிட்டு, அடுத்த வங்கி வேலைநாளில் முழுத் தொகையையும் வைப்பில் இடுங்கள். உண்டியல் பணத்திலிருந்தே பூக்காரருக்கும் மின்பழுது பார்ப்பவருக்கும் கொடுத்துவிட்டு மீதியை வங்கியில் போடுவது மிகப் பரவலான பழக்கம். அப்படிச் செய்தால் வரவும் தெரியாது, செலவும் தெரியாது, மீதி மட்டுமே தெரியும். சில்லறைச் செலவுக்குத் தனித்தொகை ஒன்றை ஒதுக்கி, ரசீதுகளைக் காட்டி அதை மீண்டும் நிரப்பும் முறையைக் கையாளுங்கள்.

கைப்பேசியால் வருடிப் பணம் செலுத்தும் டூயிட்நவ் கியூஆர் வந்தபின் நன்கொடை பெறுவது மிக எளிதாகிவிட்டது. தைப்பூசத்தன்று தண்ணீர்மலைச் சாலையோரத் தண்ணீர்ப் பந்தல்களிலும் அந்தக் கட்டங்கள் கொண்ட அட்டையைக் காணலாம். உங்கள் சங்கத்தின் பெயரில் வசூலாகும் பணம் சங்கக் கணக்கிற்கே போக வேண்டும். வருடி எடுத்தவரின் கைப்பேசியில் தோன்றும் பெயர் சங்கத்தின் பதிவுப் பெயராக இருக்க வேண்டும். ‘தற்காலிகமாகப் பொருளாளர் கணக்கில் வரட்டும்’ என்பதற்கு ஒருபோதும் இடந்தராதீர்கள். பொருளாளர் நேர்மையானவர் என்றால் அவரை அந்தச் சந்தேகத்திலிருந்து காப்பதே நீங்கள் அவருக்குச் செய்யும் மரியாதை. வீடுவீடாகவோ தெருவிலோ நிதி திரட்டுவதற்கு 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி காவல்துறை அனுமதி தேவை என்பதையும் தொண்டர்களிடம் முன்கூட்டியே சொல்லி, அனுமதிக் கடிதத்தின் நகலை அவர்கள் கையில் கொடுத்தனுப்புங்கள்.

குறிப்பிட்ட நோக்கத்திற்காக வந்த பணத்தைக் கலக்காதீர்கள். குடமுழுக்குத் திருப்பணிக்கென வந்த தொகை திருப்பணிக்கே. மாணவர் உபகாரச் சம்பளத்திற்கென வந்த தொகை மாணவருக்கே. நெருக்கடியில் அதை அலுவலக வாடகைக்கு எடுத்துவிட்டு ‘பிறகு திருப்பி வைப்போம்’ என்று முடிவெடுப்பது நன்கொடையாளருக்குத் தந்த வாக்கை மீறுவது. தனி வங்கிக் கணக்கு இயலாவிட்டால் கணக்குப் புத்தகத்திலாவது தனிப் பத்தியாகக் காட்டுங்கள். மித்ரா போன்ற அரசு அமைப்புகளின் மானியம் பெற்றால் ஒப்பந்தத்தில் உள்ள செலவுத் தலைப்புகளையும் அறிக்கைத் தேதிகளையும் ஐந்தாம் படியில் சொன்ன தாளில் சேர்த்துவிடுங்கள்.

நன்கொடையாளருக்கு வரிச் சலுகை கிடைக்கும் என்று தவறாக வாக்குறுதி தந்துவிடாதீர்கள். 1967ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தின் 44(6) உட்பிரிவின்படி உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் ஒப்புதல் பெற்ற அமைப்பு தரும் ரசீதுக்கு மட்டுமே அந்தச் சலுகை உண்டு. தனிநபருக்கு அது மொத்த வருமானத்தின் 10 விழுக்காட்டிற்கு உட்பட்டது. ஆர்.ஓ.எஸ். பதிவு வேறு, இந்த ஒப்புதல் வேறு. இதைப் பெற்றுவிட்டால் நிபந்தனைகளும் சேர்ந்தே வருகின்றன என்பதால், கணக்கை முறையாக வைக்கும் பழக்கம் வந்த பிறகே விண்ணப்பியுங்கள் என்பது என் ஆலோசனை.

ஒவ்வொரு மாதமும் வங்கி அறிக்கையைக் கணக்குப் புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும். அதைச் செய்பவர் பொருளாளர் அல்லாத ஒருவராக இருந்தால் நல்லது. செயலவைக்கு வரும் மாதக் கணக்கு ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டியதில்லை. இந்த மாத வரவு, செலவு, வங்கி இருப்பு, தனிநோக்க நிதிகளின் இருப்பு, திட்டமிட்டதற்கும் நடந்ததற்கும் உள்ள வேறுபாடு ஆகியவை இருந்தால் போதும். கணக்கறியாத உறுப்பினர் ஒருவர் அதைப் படித்துத் தம் சொற்களில் திருப்பிச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் தாளைத்தான் மாற்ற வேண்டும்.

எட்டாம் படி: நலன் மோதல்

பினாங்குத் தமிழ்ச் சமூகம் பெரியதன்று. அச்சகம் வைத்திருப்பவரும், பந்தல் போடுபவரும், உணவு சமைத்துத் தருபவரும், பேருந்து வாடகைக்கு விடுபவரும் யாரோ ஒரு செயலவை உறுப்பினரின் உறவினராகத்தான் இருப்பார்கள். ஆகவே உறவினரிடம் வாங்கவே கூடாது என்ற விதி நடைமுறைக்கு உதவாது. வெளிப்படையாகச் சொல்வது, விலகி நிற்பது, எழுதி வைப்பது என்ற மூன்றும்தான் உதவும்.

ஆண்டுத் தொடக்கத்தில் ஒவ்வொருவரும் தமக்கும் தம் நெருங்கிய குடும்பத்தாருக்கும் உள்ள வணிகங்களையும் பிற சங்கப் பொறுப்புகளையும் ஒரு பதிவேட்டில் எழுதட்டும். அவை தொடர்பான பொருள் நிகழ்ச்சி நிரலில் வரும்போது அவர் அதைத் தாமே நினைவூட்டி, கலந்துரையாடலும் வாக்கெடுப்பும் முடியும் வரை அறையை விட்டு வெளியே இருக்க வேண்டும். அறையிலேயே அமைதியாக அமர்ந்திருப்பது போதாது. அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அண்ணன் கடையின் விலை அதிகம் என்று சொல்ல நம்மில் எவருக்கு மனம் வரும்? செயலவை ஒரு தொகையை வரையறுத்து, அதற்கு மேற்பட்ட எல்லா வேலைகளுக்கும் மூன்று விலைப்புள்ளிகள் கேட்க வேண்டும், குறைந்த விலையைத் தேர்ந்தெடுக்காவிட்டால் காரணத்தை எழுத வேண்டும். உறவினரே மிகக் குறைந்த விலைக்குத் தந்தார் என்றால் தயங்காமல் அவருக்கே கொடுங்கள்; மூன்று தாள்களும் கோப்பில் இருக்கும்வரை எவரும் குறைசொல்ல முடியாது.

இந்த எச்சரிக்கை மேல்நாட்டிலிருந்து வந்த புது வழக்கம் என்று சிலர் முகஞ்சுளிப்பதுண்டு. 10ஆம் நூற்றாண்டில் முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, ஊர்ச் சபையின் வாரியங்களில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரையும், அவருடைய நெருங்கிய உறவினர்களையும் குடவோலையில் சேர்க்கக் கூடாது என்கிறது. அண்மைய மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவர்களையும் விலக்குகிறது. கணக்கும், உறவும், பதவிக்காலமும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் வெட்டிவைத்த மரபு நம்முடையது.

செயலவை உறுப்பினர் கைப்பணத்திலிருந்து சங்கத்திற்குச் செலவு செய்வதும் இந்தப் படியில்தான் சேரும். தலைவர் 8,000 ரிங்கிட் போட்டு விழாவை நடத்திவிட்டு, அது நன்கொடையா கடனா என்று எவரும் கேட்காமல் விட்டுவிட்டால், அவரோடு மனவேறுபாடு வரும் நாளில் அது கடனாகிவிடும். கொடுக்கும்போதே கேளுங்கள். நன்கொடை என்றால் ரசீது; கடன் என்றால் செயலவைத் தீர்மானமும் திருப்பித் தரும் தேதியும்.

ஒன்பதாம் படி: ஊழியரும் பிள்ளைகளும்

சம்பளம் பெறும் ஊழியர் ஒருவர் இருந்தாலும் சங்கம் முதலாளிதான். ஊழியர் சேமநிதி, சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு, வேலைக் காப்புறுதி ஆகிய சந்தாக்களும், 2025 முதல் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்த குறைந்தபட்ச ஊதியமும் அறப்பணி என்பதால் விலக்களிக்கப்படுவதில்லை. ஊழியருக்குக் கட்டளையிடுபவர் யார் என்பதை ஒருவராக வரையறுங்கள். ஏழு செயலவை உறுப்பினரும் ஏழு விதமாகத் தொலைபேசியில் வேலை சொன்னால் நல்ல ஊழியர் நிலைக்க மாட்டார்.

இல்லம் நடத்துவோர் 1993ஆம் ஆண்டின் பராமரிப்பு மையங்கள் சட்டப்படி சமூகநலத் துறையில் பதிந்திருக்க வேண்டும். டியூஷன் வகுப்பு, தேவார வகுப்பு, விடுமுறை முகாம் நடத்துவோரும் சில விதிகளை எழுதி வைத்தே ஆக வேண்டும்: எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனித்திருக்கக் கூடாது, பிள்ளைகளின் படத்தைப் பெற்றோர் ஒப்புதலின்றி வெளியிடக் கூடாது, முறையீடு வந்தால் அதைக் கேட்டுப் பதிய இருவர் நியமிக்கப்பட்டிருக்க வேண்டும், அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். தொண்டரைச் சேர்க்கும் முன், சிறார் தொடர்பான குற்றத்தில் தண்டிக்கப்பட்டவரா என்று சமூகநலத் துறையின் பதிவேட்டின் வழி சரிபார்க்க விண்ணப்பிக்கலாம். பிள்ளைக்குத் தீங்கு நடந்ததாகத் தெரிந்தால் சங்கத்தின் மானம் கருதி உள்ளுக்குள் பேசித் தீர்க்க எந்தச் செயலவைக்கும் அதிகாரமில்லை. காவல்துறைக்குச் செல்லுங்கள்.

பத்தாம் படி: ஆண்டுக்கூட்டமும் தேர்தலும்

அறிவிப்பு, கணக்கு, ஆண்டறிக்கை ஆகியவை விதியில் சொன்ன நாளுக்குள் எல்லா உறுப்பினர்களுக்கும் போனதற்கு ஆதாரம் வேண்டும். உறுப்பினர் பட்டியலைக் கூட்டத்திற்கு ஒரு மாதம் முன்பே இறுதிசெய்து, யார் சந்தா கட்டி வாக்குரிமை பெற்றவர் என்பதை வெளிப்படையாகக் காட்டுங்கள். தேர்தல் சர்ச்சைகளில் பெரும்பங்கு கடைசி வாரத்தில் சேர்க்கப்பட்ட உறுப்பினர்களைப் பற்றியதுதான். கோரம் பல விதிகளில் வாக்குரிமை உள்ள உறுப்பினர்களில் பாதி, அல்லது செயலவை எண்ணிக்கையின் இரு மடங்கு, இவற்றில் எது குறைவோ அது என்றிருக்கும். கோரமின்றி ஒத்திவைக்கப்பட்டுக் கூடும் கூட்டம் வந்தவர்களைக் கொண்டு நடக்கலாம் என்றாலும், சட்டவிதிகளைத் திருத்த அதற்கு அதிகாரம் இருக்காது.

உட்கணக்காய்வாளர்கள் செயலவைக்கு வெளியே இருந்து தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். அவர்களுக்குக் கணக்குப் புத்தகத்தை ஆண்டுக்கூட்டத்திற்கு முந்தைய இரவில் நீட்டுவது, கணக்காய்வே வேண்டாம் என்பதற்குச் சமம். குறைந்தது மூன்று வாரம் கொடுங்கள். தேர்தலை நடத்தும் அதிகாரி போட்டியிடாதவராக இருக்கட்டும், வாக்குச்சீட்டுகளை விதியில் சொன்ன காலம் வரை முத்திரையிட்டு வையுங்கள்.

தலைவர் பதவிக்குக் கால வரம்பு வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. நிறுவனரின் உழைப்பை மறுப்பதற்காக அன்று. அவர் இருக்கும்போதே இன்னொருவர் கற்றுக்கொண்டு, அவர் அருகிலிருந்து திருத்தும் வாய்ப்பைச் சங்கம் பெற வேண்டும் என்பதற்காக.

பொறுப்பாளர் யார் என்பதிலேயே தகராறு எழுந்தால், அது தீர்ந்ததற்கான சான்றைக் காட்டுமாறு பதிவாளர் 16ஆம் பிரிவின்படி கேட்கலாம். காட்ட இயலாத சங்கத்தின் பதிவே ரத்தாகக்கூடும். இரு தரப்பும் வென்றதாக எண்ணிக்கொண்டு, போராடிய சங்கத்தையே இழப்பது இப்படித்தான். ஆதலால் உள்தகராறைக் கேட்க, பதவி ஆசையற்ற மூத்த உறுப்பினர் மூவரைக் கொண்ட குழுவையும், அது எத்தனை நாளுக்குள் முடிவுசொல்ல வேண்டும் என்பதையும் அமைதியான ஆண்டிலேயே விதியில் சேர்த்துவிடுங்கள்.

பதினோராம் படி: ஒப்படைப்பு

தேர்தல் முடிந்த 14 நாளுக்குள் பழைய செயலவையும் புதிய செயலவையும் ஒரு மேசையில் அமர வேண்டும். பதிவுச் சான்றிதழ், ஒப்புதல் பெற்ற சட்டவிதிகள், கூட்டக் குறிப்பேடுகள், சொத்துப் பதிவேடு, நலன் பதிவேடு, ஒப்பந்தங்கள், ரசீதுப் புத்தகங்கள், சங்க முத்திரை ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் படித்துக் கைமாற்றி, இரு தரப்பும் பட்டியலில் கையொப்பமிட வேண்டும். முடியாமல் நிற்கும் வேலைகளையும் கொடுக்க வேண்டிய கடன்களையும் வெளியேறும் செயலாளர் ஒரு பக்கத்தில் எழுதித் தரட்டும். இதைக் குற்றப் பத்திரிகையாகக் கருதாமல் வாங்கிக்கொள்ளும் பெருந்தன்மை புதியவர்களுக்கு வேண்டும். வங்கியில் கையொப்பக்காரர் மாற்றம் நடந்து முடியும் வரை பழைய பொருளாளர் ஒத்துழைக்க வேண்டிய கடைசித் தேதியை அதே தாளில் குறியுங்கள். இ-ரோசஸ் கணக்கு, சங்கத்தின் மின்னஞ்சல், முகநூல் பக்கம், வாட்ஸ்அப் குழுவின் நிர்வாகி உரிமை, இணையதளப் பெயரின் ஆண்டுச் சந்தா, கியூஆர் அட்டை எந்த வங்கிக் கணக்கோடு இணைந்துள்ளது என்ற விவரம் ஆகியவை மறக்கப்படும் வகையைச் சேர்ந்தவை. அவற்றைப் பட்டியலின் முதல் வரிகளிலேயே எழுதி, புதிய செயலாளர் தம் கைப்பேசியிலிருந்து ஒவ்வொன்றையும் திறந்து காட்டிய பிறகே கையொப்பமிடுங்கள்.